கட்டடத் தொழிலாளியின் உயிருக்கு யார் பொறுப்பு?

2014 ஜூன் 28, சனிக்கிழமை. வாரக் கூலி பட்டுவாடா ஆகும் நாள். சென்னையின் மேற்குப் புறநகரான மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த 11 மாடிக் குடியிருப்பு ஒன்று, மழை பெய்த அந்த மாலையில் அடியோடு சரிந்து விழுந்தது. இடிபாடுகளுக்குள் தேடும் பணி ஏறத்தாழ ஒரு வாரம் நீடித்தது. 61 பேர் இறந்தார்கள். 27 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். ஆந்திரத்தின் வடமாவட்டங்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்களும் தமிழ்நாட்டு ஊர்க்காரர்களும் அதில் அடக்கம். கட்டுநர் தரப்பு மின்னலைக் காரணம் காட்டியது. நீதிபதி ரகுபதி தலைமையிலான விசாரணை ஆணையம் அதை ஏற்காமல் கட்டுமானக் குறைபாடுகளைச் சுட்டியது. அந்தத் துயரம் ஆறுவதற்குள், ஜூலை 6 அன்று, திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு கிடங்கின் சுற்றுச்சுவர் மழையில் சாய்ந்தது. சுவரை ஒட்டிப் போடப்பட்டிருந்த குடிசைகளில் உறங்கிக்கொண்டிருந்த 11 தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களும் ஆந்திரத்திலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர்கள்.

மௌலிவாக்கத்தில் விழாமல் நின்ற இரண்டாவது கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். அக்கம்பக்கத்தவர்களை முன்கூட்டியே வெளியேற்றி, தெருக்களை அடைத்து, எந்தத் தூண் எப்போது உடைய வேண்டும் என்று கணக்கிட்டுச் செய்த வேலை அது. சில நொடிகளில் கட்டடம் தரைமட்டமானது. உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. கட்டடத்தைத் தகர்ப்பதற்கு எடுத்துக்கொண்ட அந்த முன்யோசனை, அதைக் கட்டிய மனிதர்களுக்காக எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தால் அந்த 61 பேரும் அன்று கூலி வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

61 பேர் சேர்ந்து இறந்தால் ஆணையம் அமைகிறது. ஆனால் கட்டட வேலையில் மரணம் பெரும்பாலும் ஒற்றை ஆளாகத்தான் வருகிறது. மூன்றாம் மாடியில் வெளிப்பூச்சு பூசியவர், லிஃப்ட் குழி ஓரத்தில் செங்கல் சுமந்த சித்தாள், வைப்ரேட்டரின் தோலுரிந்த வயரை மிதித்த இளைஞன் என்று தனித்தனியாகச் சாகிறார்கள். மறுநாள் நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தி. மேஸ்திரி மீதோ சைட் சூப்பர்வைசர் மீதோ ஒரு வழக்கு. உடலை ஊருக்கு அனுப்ப ஒரு ஆம்புலன்ஸ், குடும்பத்தார் கையில் கொஞ்சம் பணம். மூன்றாம் நாள் அதே சாரத்தில் வேறொருவர் ஏறி நிற்கிறார்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். கட்டடத் தொழிலாளர் நலனில் நாட்டுக்கே முன்னோடியாக இருந்த தமிழ்நாடு, தொழிலாளி இறந்த பின்பு பணம் கொடுப்பதற்கு ஓர் அமைப்பை உருவாக்கிக்கொண்டது. இறக்காமல் காப்பதற்கான அமைப்பை உருவாக்கவில்லை. வேலை கொடுப்பவரின் முதல் கடமை இரண்டாவதாகவும், இரண்டாவது கடமை முதலாவதாகவும் மாறிப்போயின.

முதலில், வேலை கொடுப்பவர் யார்? மற்ற தொழில்களில் இந்தக் கேள்விக்கு நொடியில் பதில் வந்துவிடும். கட்டட வேலையில் அது எளிதில் பிடிபடாது. நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர். அவரோடு கூட்டு ஒப்பந்தம் போட்ட கட்டுமான நிறுவனம் ஒன்று. அந்த நிறுவனம் வேலையைப் பிரித்து, கான்கிரீட்டை ஒருவருக்கும் சென்ட்ரிங்கை ஒருவருக்கும் பூச்சு வேலையை இன்னொருவருக்கும் விடுகிறது. அவர்களுக்குக் கீழே ஆள் பிடித்துக்கொடுக்கும் லேபர் கான்ட்ராக்டர். அவருக்குக் கீழே மேஸ்திரி. மேஸ்திரிக்குக் கீழேதான் கொத்தனாரும் பெரியாளும் சித்தாளும். பணம் மேலிருந்து கீழே வரும்போது ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் நின்றுவிடுகிறது. பொறுப்போ ஒவ்வொரு கையிலிருந்தும் கீழே தள்ளிவிடப்படுகிறது. கடைசியில் சாரத்துக்குக் கம்பும் கயிறும் வாங்க வேண்டியவர், அந்தச் செலவைத் தன் சொற்ப லாபத்திலிருந்து எடுக்க வேண்டிய மேஸ்திரியாக இருக்கிறார். வழக்கு வரும்போதும் கையில் விலங்கு ஏறுவது அவருக்குத்தான்.

பொறுப்பை இப்படித் தள்ளிவிடுவதைச் சட்டம் ஏற்கவில்லை. 1937இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை ஒரு ஸ்காட்லாந்து நிலக்கரிச் சுரங்க வழக்கில் தீர்ப்பளித்தது. வேலை நேரம் முடிந்து வெளியேறிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர், சுரங்கப் பாதையில் இயங்கிய இழுவை இயந்திரத்தில் நசுங்கிக் காயமடைந்தார். தகுதியுள்ள மேலாளரை நியமித்து எல்லாவற்றையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டோம், எனவே எங்களுக்குப் பொறுப்பில்லை என்றது சுரங்க நிறுவனம். நீதிபதிகள் ஒப்புக்கொள்ளவில்லை. திறமையான ஆட்கள், தகுந்த தளவாடங்கள், பாதுகாப்பான வேலைமுறையும் அதற்கான மேற்பார்வையும் ஆகியவற்றைத் தருவது முதலாளியின் சொந்தக் கடமை என்றார்கள். வேலையை யாரிடம் வேண்டுமானாலும் ஒப்படைக்கலாம். இந்தக் கடமையை ஒப்படைக்க முடியாது. அதற்கு மறு ஆண்டே, 1938இல், உடன் வேலை செய்தவரின் தவறு என்று சொல்லி முதலாளி தப்பிக்கும் பழைய வாதத்தை அடைக்க இந்தியாவிலும் முதலாளிகள் பொறுப்புச் சட்டம் வந்தது.

கட்டடத் தொழிலாளருக்கென்று தனிச் சட்டம் வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அதில் தமிழ்நாட்டின் பங்கு பெரிது. 1982இல் இங்கே உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. 1985இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரை முன்னிறுத்தி, கட்டடத் தொழிலாளருக்கு மத்தியச் சட்டம் கோரும் தேசியப் பிரச்சாரக் குழு உருவானபோது தமிழகச் சங்கங்கள் அதன் முதுகெலும்பாக இருந்தன. 1994 நவம்பர் 30 அன்று தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. 1996இல் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை ஒருசேர இயற்றியது. ஒன்று வேலை நிலைமைகளையும் பாதுகாப்பையும் ஒழுங்குபடுத்தும் சட்டம். மற்றொன்று, கட்டுமானச் செலவில் குறைந்தது 1 சதவீதத்தை நல நிதிக்காகத் தீர்வையாக வசூலிக்கும் சட்டம்.

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த அந்தப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்தால் வியப்பு வரும். என்னென்ன அதில் இல்லை என்று தேடத்தான் வேண்டும். வேலை தொடங்க 30 நாட்களுக்கு முன்பே ஆய்வாளருக்கு முதலாளி அறிவிக்க வேண்டும். இடைவிடாத, போதுமான மேற்பார்வைக்கு அவரே பொறுப்பு. 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பாதுகாப்பு அதிகாரியும், தொழிலாளர் பிரதிநிதிகள் இடம்பெறும் பாதுகாப்புக் குழுவும் வேண்டும். 50 பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம். வேலையிடத்தில் அல்லது அதன் அருகில் இலவசத் தங்குமிடம், தனிச் சமையலிடம், குளியலறை, கழிப்பறை. திருவள்ளூர் குடிசைகளில் உறங்கிய 11 பேரும் இந்தப் பிரிவின்படி பாதுகாப்பான கூரையின் கீழ் இருந்திருக்க வேண்டியவர்கள். ஒப்பந்ததாரர் கூலியோ இழப்பீடோ தரத் தவறினால் மேலே உள்ள முதலாளி தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. 1998இன் மத்திய விதிகள் கட்டடக் கலைஞரையும் வடிவமைப்புப் பொறியாளரையும்கூட விட்டுவைக்கவில்லை. கட்டும்போது தொழிலாளிக்கு ஆபத்து தரும் எதையும் வரைபடத்திலேயே தவிர்க்க வேண்டிய கடமை அவர்களுக்கும் இருந்தது.

இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்த அந்தச் சட்டங்களில் ஒன்று வளர்ந்தது, மற்றது சவலையாகிப்போனது. தமிழ்நாட்டில் வரைபட அனுமதி தரும் அலுவலகமே 1 சதவீத நிதியை அந்த இடத்திலேயே வசூலித்துவிடுகிறது. அதைக் கட்டாமல் அனுமதிச் சீட்டு கைக்கு வராது. அந்தப் பணத்திலிருந்து கல்வி உதவி, திருமண உதவி, மகப்பேறு உதவி, ஓய்வூதியம், இயற்கை மரண உதவி, விபத்து மரண உதவி எல்லாம் போகின்றன. இவற்றுக்காகச் சங்கங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அந்த உதவிகளைக் குறைத்துச் சொல்வது அநியாயம். பல மாநிலங்களில் இது கூட நடக்கவில்லை. 2018 மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் மதன் லோகூர், தீபக் குப்தா அமர்வு தந்த தீர்ப்பு அதற்குச் சாட்சி. நாடு முழுவதும் 37,000 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாகி, ஏறத்தாழ 9,500 கோடி மட்டுமே செலவாகியிருந்தது. செலவான பணத்திலும் மடிக்கணினியும் சலவை இயந்திரமும் வாங்கப்பட்டிருந்தன.

வரைபட அனுமதி தரும் அதே அலுவலகத்தில், சாரம் எப்படிக் கட்டப்போகிறீர்கள், எந்த ஆழத்துக்குத் தோண்டுகிறீர்கள், ஆட்கள் எங்கே தங்குவார்கள் என்று கேட்பதற்கு யாரும் இல்லை. பணத்தை வாங்கும் துறை ஒன்று, பாதுகாப்பைப் பார்க்கும் துறை வேறொன்று. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வாளர்கள் ஆலைகளையும் பார்க்க வேண்டும், கட்டடங்களையும் பார்க்க வேண்டும். ஆலை ஒரே இடத்தில் இருக்கிறது. கட்டடமோ தொடங்கி, வளர்ந்து, முடிந்து, ஆட்கள் கலைந்துபோய்விடுகிறார்கள். 1 சதவீதம் கட்டியதோடு தொழிலாளர் விஷயத்தில் தன் கடமை முடிந்தது என்று ஒரு கட்டுநர் நினைத்தால், அப்படி நினைக்க அவரைப் பழக்கியது நம் நிர்வாகமே.

பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் மஞ்சள் தலைக்கவசம்தான் எல்லோர் மனத்திலும் வருகிறது. விபத்தைத் தடுக்கும் வழிகளை வரிசைப்படுத்தும் பொறியாளர்கள் அதை வரிசையின் கடைசியில் வைக்கிறார்கள். ஆபத்தையே இல்லாமல் செய்வது முதலாவது. முடியாவிட்டால் ஆபத்துக்கும் ஆளுக்கும் இடையே தடுப்பு வைப்பது. அதற்கும் பிறகுதான் பயிற்சி, எச்சரிக்கைப் பலகை, இறுதியாகக் கவசமும் பெல்ட்டும். கடைசி இரண்டையும் தொழிலாளி அணியலாம். முதல் இரண்டையும் முதலாளி மட்டுமே செய்ய முடியும்.

சாரத்தை எடுத்துக்கொள்வோம். சவுக்குக் கம்பை நட்டு, குறுக்குக் கம்பைக் கயிற்றால் கட்டி, இரண்டு பலகையைப் போட்டு ஆளை ஏற்றிவிடுவது இங்கே பொதுவழக்கு. பலகையின் நுனி கட்டப்பட்டிருக்காது. ஓர் ஓரத்தில் மிதித்தால் மறு ஓரம் தூக்கும். பாதுகாப்பான சாரத்தில் நிற்கும் தளம் முழுக்கப் பலகை மூடியிருக்கும், இடுப்பளவில் தடுப்புக் கம்பி இருக்கும், கரண்டியும் கல்லும் உருண்டு விழாமல் காலடியில் ஒரு விளிம்புப் பலகை இருக்கும், சாரம் சாயாதபடி சுவரோடு பிணைக்கப்பட்டிருக்கும், ஏறி இறங்க ஏணி இருக்கும். இரும்புக் குழாய்ச் சாரத்துக்கும் இதே நிபந்தனைதான். இரும்பு என்பதாலேயே அது பாதுகாப்பாகிவிடாது. 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழும் உடல் ஒன்றரை நொடிக்குள் தரையைத் தொடுகிறது. தொடும்போது அதன் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். அந்த வேகத்தில் தலைக்கவசம் செய்யக்கூடியது மிகக் குறைவு. பெல்ட் காப்பாற்றும், அதன் கொக்கியை மாட்ட ஓர் உறுதியான பிடிப்பு இருந்தால். பிடிப்புக் கம்பியோ உயிர்க்கயிறோ இல்லாத தளத்தில் பெல்ட் கொடுப்பது கணக்கில் எழுதிக்கொள்ள மட்டுமே உதவும். கொக்கியை எங்கே மாட்டுவது என்று கேட்கும் தொழிலாளிக்குப் பல சைட்டுகளில் பதில் கிடைப்பதில்லை.

அடுத்தது சென்ட்ரிங். 1,000 சதுர அடியில் 5 அங்குல கனத்தில் தளம் போட்டால், ஈரக் கான்கிரீட்டின் எடை மட்டுமே ஏறத்தாழ 29 டன். கம்பிகளும், கலவை கொட்டும் ஆட்களும், வைப்ரேட்டரும் அதற்கு மேல். அவ்வளவும் தகடுகளின் மேல், தகடுகள் முட்டுகளின் மேல். முட்டின் அடியில் இருப்பது அடிக்கடி நேற்று நிரப்பிய மண். முந்தைய இரவு மழை பெய்திருந்தால் சேறு. ஒரு முட்டு புதைந்தால் அதன் பாரம் பக்கத்து முட்டுக்குப் போகிறது, அது வளைந்தால் அடுத்ததற்கு. தளம் போடும்போதே முழுதாக இடிந்து விழும் விபத்துகளில் நடப்பது இதுதான். முட்டைப் பிரிக்கும் நாளும் இப்படியே உயிர் சம்பந்தப்பட்டது. இந்தியத் தர நிர்ணயம் 456இன்படி, நாலரை மீட்டர் வரையிலான தளத்துக்கு முட்டுகள் 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் அகலமானால் 14 நாள். ஆறு மீட்டருக்கு மேற்பட்ட உத்தரத்துக்கு 21 நாள். சென்ட்ரிங் சாமான்களுக்கு நாள் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த சைட்டில் அவற்றைக் கேட்டு ஆள் வந்து நிற்பார். எந்த நாளில் பிரிப்பது என்ற முடிவை எடுப்பவர் ஒருவர். பிரிக்கும்போது அடியில் நிற்பவர் வேறொருவர்.

மண் இன்னும் மோசமான எதிரி, ஏனென்றால் அதைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. ஒரு கன மீட்டர் மண் சுமார் 1.7 டன், ஒரு சிறிய காரைவிட அதிகம். மார்பளவு புதைந்தவரால் தலை வெளியே இருந்தும் மூச்சை இழுக்க முடியாமல் போகலாம், மண்ணின் அழுத்தம் விலா எலும்பை விரிய விடாது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தின் பக்கங்களுக்கு முட்டுக்கொடுக்க வேண்டும் என்று தர விதிகள் சொல்வது அதனால்தான். அருகில் கட்டடம் இருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். 2024 பிப்ரவரி 7 அன்று உதகையை அடுத்த லவ்டேலில் தடுப்புச் சுவருக்காக மண் தோண்டிக்கொண்டிருந்தபோது, மேலே இருந்த பழைய கழிப்பறைக் கட்டடம் சரிந்து விழுந்தது. பலியான 6 பேரும் பெண்கள். மலைச்சரிவில் தோண்டும்போது மேலிருப்பது கீழே வரும் என்பதை அறிய ஆராய்ச்சி தேவையில்லை. மேலிருப்பதை முதலில் இறக்கிவிட்டோ, முட்டுக்கொடுத்தோ, பகுதி பகுதியாகத் தோண்டியோ அந்த வேலையைச் செய்ய முடியும். அப்படிச் செய்யச் சொல்லும் அதிகாரம் மண்வெட்டி பிடித்த அந்தப் பெண்களிடம் இருக்கவில்லை.

மின்சாரத்தைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் கருவி இன்று எந்த மின்சாதனக் கடையிலும் கிடைக்கிறது. தற்காலிக இணைப்பில் அதைப் பொருத்தாமல், பிளக்கும் இல்லாமல் வயர் நுனியை ஓட்டையில் செருகித் தீக்குச்சியால் அடைக்கும் பழக்கம் எந்தச் சைட்டிலும் மன்னிக்கத்தக்கதல்ல.

இதையெல்லாம் சொன்னால் கட்டுநர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் கவசத்தைக் கொடுத்தாலும் போடமாட்டார்கள், பெல்ட்டை மாட்டச் சொன்னால் வேலை ஓடாது என்பார்கள், படிப்பில்லாத ஜனங்கள், என்ன செய்வது என்று கையை விரிப்பார்கள். இந்த வாதத்தை நான் கொஞ்சமும் ஏற்கவில்லை. அதற்கான ஆதாரம் நம் ஊர்களிலேயே இருக்கிறது. புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர் மாவட்டக் கிராமங்களிலிருந்து சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். அங்கே பாதுகாப்புப் பயிற்சியில் தேறினால்தான் கட்டுமான வேலை அனுமதி கிடைக்கும். அந்தப் பயிற்சி தமிழிலும் நடக்கிறது. இங்கே ரப்பர் செருப்போடு சாரம் ஏறியவரே அங்கே காலணி, கவசம், பெல்ட் இல்லாமல் வேலையிடத்துக்குள் நுழைவதில்லை. அவருடைய படிப்பும் குணமும் விமானம் ஏறியதும் மாறிவிடவில்லை. அவரை வேலைக்கு வைத்தவருக்கு அங்கே பயம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பயமும் தானாக வந்ததல்ல. 2004 ஏப்ரல் 20 அன்று சிங்கப்பூரின் நிக்கோல் நெடுஞ்சாலையை ஒட்டி, சுரங்க ரயில் பாதைக்காகத் தோண்டிய பள்ளத்தின் தாங்கு அமைப்பு உடைந்து நான்கு பேர் இறந்தார்கள். வடிவமைப்பில் இருந்த பிழைகளையும், முன்கூட்டியே தெரிந்த எச்சரிக்கைகள் புறக்கணிக்கப்பட்டதையும் விசாரணைக் குழு வெளிக்கொணர்ந்தது. 2006 மார்ச்சில் புதிய வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆபத்தை உருவாக்குகிறவரே அதைக் களையவும் வேண்டும் என்பது அதன் அடிப்படை. நிறுவனத்துக்கு முதல் குற்றத்துக்கே 5 லட்சம் சிங்கப்பூர் டாலர் வரை அபராதம். வேலையை அப்படியே நிறுத்திவைக்கும் உத்தரவு வேறு. 2004இல் ஒரு லட்சம் தொழிலாளருக்கு 4.9 ஆக இருந்த வேலையிட மரண விகிதம் 2019இல் 1.1 ஆகக் குறைந்தது. சிங்கப்பூர் சொர்க்கமல்ல. திறந்த லாரிகளில் ஆட்களை ஏற்றிச் செல்வதும், 2020இல் பெருந்தொற்று அம்பலப்படுத்திய விடுதி நெரிசலும் அங்கே உள்ளவைதான். சட்டம் முதலாளியைப் பிடித்தால் தொழிலாளி பிழைக்கிறார் என்பதற்கு மட்டும் அது நல்ல சான்று. பிரிட்டனில் கட்டடத்துக்குப் பணம் போடும் உரிமையாளரிடமே கடமை தொடங்குகிறது. 2012 லண்டன் ஒலிம்பிக் பூங்காவின் கட்டுமானம் ஒரு தொழிலாளியின் மரணம்கூட இல்லாமல் முடிந்தது.

நம் 1996 சட்டத்தில் பாதுகாப்பு விதிகளை மீறினால் என்ன தண்டனை இருந்தது? மூன்று மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீறல் தொடர்ந்தால் நாளுக்கு 100 ரூபாய். ஒரு தளத்தைச் சுற்றி ஒழுங்காகச் சாரம் கட்ட ஆகும் செலவோடு ஒப்பிட்டால், அபராதம் கட்டிவிடுவதே லாபமாக இருந்தது. சட்டமே அப்படி ஒரு கணக்கைப் போட இடம் தந்தது.

2020இல் இயற்றிய தொழிலகப் பாதுகாப்பு, சுகாதாரம், வேலை நிலைமைகள் தொகுப்பை 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. 1996இன் பாதுகாப்புச் சட்டம் அதற்குள் கரைந்துவிட்டது. கடமை தவறியதால் உயிர் போனால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் இறந்தவரின் வாரிசுகளுக்குத் தர நீதிமன்றம் உத்தரவிடலாம். பாதுகாப்பு அதிகாரியை நியமிக்க வேண்டிய வரம்பு 500 பேரிலிருந்து 250 பேராக இறங்கியிருக்கிறது. உடனடி ஆபத்து இருந்தால் வேலையை நிறுத்தும் அதிகாரமும் ஆய்வாளருக்கு உண்டு. இவை நல்ல மாற்றங்கள். அதே தொகுப்பில் ஆய்வாளர், ஆய்வாளரும் வழிகாட்டியுமாகப் பெயர் மாறி, எந்த இடத்தை ஆய்வு செய்வது என்பதைக் கணினி தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாறுகிறார். பெயர்ப்பட்டியலில் இருக்கும் நிறுவனங்களைத்தான் கணினி தேர்ந்தெடுக்க முடியும். வேலை தொடங்கியதையே அறிவிக்காத கட்டடம் அந்தப் பட்டியலில் எப்படி வரும்? தண்டனையை உயர்த்தி, கண்காணிப்பைத் தளர்த்தினால் தொழிலாளிக்குக் கிடைப்பது விபத்துக்குப் பிந்தைய நீதி மட்டுமே.

குடித்திருந்தார், அதனால் விழுந்தார் என்ற பேச்சையும் இங்கே முடித்துவிட வேண்டும். இறந்தவர் மறுத்துப் பேச முடியாது என்பதால் இது வசதியான குற்றச்சாட்டு. ஆனால் 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1923இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே, போதையில் இருந்தார், உத்தரவை மீறினார், காப்புக் கருவியைக் கழற்றினார் என்ற வாதங்கள் சாதாரணக் காயங்களுக்கு மட்டுமே பொருந்தின. மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அவை செல்லவில்லை. அந்தச் சட்டத்தின் கணக்குப்படி, மாதம் 15,000 ரூபாயோ அதற்கு மேலோ சம்பாதித்த 25 வயதுத் தொழிலாளி இறந்தால் இழப்பீடு 16,26,825 ரூபாயாக இருந்தது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. இது நல வாரிய உதவிக்கு மேற்பட்டது; முதலாளி தர வேண்டியது. பிணவறை வாசலில் ஒரு தொகையைக் கையில் திணித்து வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பப்படும் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இந்தக் கணக்கு தெரியும்? ஒடியாவோ வங்காளமோ மட்டும் பேசும் குடும்பமாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

செய்ய வேண்டியது கண்முன்னே இருக்கிறது. வரைபட அனுமதியின்போது 1 சதவீதத்தை வசூலிக்கும் அதே மேசையில் பாதுகாப்புத் திட்டத்தையும் கேட்க வேண்டும். சாரம், தோண்டும் முறை, தற்காலிக மின் இணைப்பு, தங்குமிடம், இழப்பீட்டுக் காப்பீடு ஆகியவற்றுக்கு ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து மேஸ்திரியுடையதாக இருக்கக் கூடாது. அனுமதி யார் பெயரில் இருக்கிறதோ அவருடையதாக இருக்க வேண்டும். அரசு தன் சொந்த ஒப்பந்தங்களிலிருந்தே இதைத் தொடங்கலாம். மிகக் குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை என்ற முறையில், பாதுகாப்புச் செலவைக் கைவிட்டவர்தான் வெல்கிறார். அந்தச் செலவை விலைப்புள்ளிக்கு வெளியே எடுத்து, செய்ததைப் பார்த்துப் பணம் தரும் தனி இனமாக்கினால் போட்டி உயிரின் மீது நடக்காது.

இவை எதுவும் எட்டாத பெரும்பகுதி ஒன்று மிச்சமிருக்கிறது. 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்கள் சட்டத்துக்கு வெளியே. சொந்தக் குடியிருப்புக்கான வீடு என்றால் 1996 சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை விலக்கு இருந்தது. புதிய தொகுப்பில் அது 50 லட்சமாகிவிட்டது. நம் சிறு நகரங்களிலும் கிராமங்களிலும் எழும் வீடுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள்தான் வரும். அங்கே எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை. வீடு கட்டுபவர், அதாவது இதை வாசிக்கும் உங்களில் பலர், வாழ்நாளில் ஒருமுறையாவது அங்கே வேலை கொடுப்பவராக நிற்பீர்கள்.

மேஸ்திரியோடு சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடிக்கும் நாளில், தடுப்புக் கம்பியோடு கூடிய சாரத்துக்கும், கசிவைத் துண்டிக்கும் மின்கருவிக்கும், பள்ளத்துக்கு முட்டுக்கொடுப்பதற்கும், வேலை முடியும்வரை எல்லா ஆட்களுக்குமான விபத்துக் காப்பீட்டுக்கும் ஆகும் தொகையைத் தனியாகக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதுங்கள். டைல்ஸிலும் வாசல் கதவிலும் எவ்வளவு வேண்டுமானாலும் பேரம் பேசுங்கள். அந்த ஒரு வரியில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.